கம்பு குருணை உடைக்க 6,000 ரூபாய்க்குள் எந்த மில் வாங்கலாம்? இருக்கிற கை மில் பாதி முழுசா, பாதி மாவா தள்ளுது

மஞ்சக்குட்டை:
ஏற்காடு, மஞ்சக்குட்டைப் பக்கம். வாரத்துக்கு 12 முதல் 15 கிலோ கம்பு, 5 கிலோ வெள்ளைச் சோளம் உடைக்கணும். கூழுக்கும் கம்பஞ்சோத்துக்கும் குருணைதான் வேணும், மாவு வேண்டாம். மாவு மில்லுல கொடுத்தா நைசா அரைச்சுத்தான் தர்றாங்க. கொஞ்சத் தானியத்துக்காக சேலம் வரைக்கும் மலை இறங்கி ஏறுறதும் கட்டுப்படியாகல.

இப்ப இருக்கறது மேஜை விளிம்புல கவ்வுற வார்ப்பிரும்பு கை மில். ரெண்டு பிளேட், பின்னாடி தள்ளுற திருகுத் தண்டு, முன்னாடி பட்டர்ஃபிளை நட். பிரச்னை இதுதான்:

100 கிராம் கம்பு போட்டா 30 கிராம் உடையாம வருது, 35 கிராம் மாவு, மீதிதான் குருணை. நட்டை இறுக்கினா மாவு கூடுது, தளர்த்தினா முழுக் கம்பு கூடுது. பத்து நிமிஷம் சுத்தினா நட் தானா தளருது. குருணையில கருப்புத் தூள் தெரியுது. மழை நாள்ல பிளேட்டுல பசை மாதிரி அப்பிக்குது.

இதைத் தூக்கிப் போட்டுட்டு மோட்டார் வெச்ச பல்வரைசர் வாங்கலாமா, இல்ல ரெண்டு உருளைக்கு நடுவுல நசுக்கற ரோலர் மில்லா?

லேத்_சேலம்:
பல்வரைசர் உங்க வேலைக்கு ஆகாதுங்க. உள்ள இருக்கற சுத்தியல் துண்டுங்க நிமிஷத்துக்கு 2,800 சுத்துக்குப் பக்கமா சுத்தி தானியத்தை அடிச்சு நொறுக்கும். ஜாலி (அடியில இருக்கற சல்லடைத் தகடு) ஓட்டைக்குள்ள நுழையற அளவுக்கு ஆகற வரைக்கும் ஒரே கம்பு திரும்பத் திரும்ப அடி வாங்கும். பெரிய ஓட்டை ஜாலி போட்டாலும் மாவு நிறையவே விழும், சூடும் ஏறும். வீட்டு மாவரைக்கிற பெட்டி மெஷின்லயும் பெரும்பாலும் இதே அடிதான். குருணைக்கு வேண்டியது அடி இல்ல, ஒரே அளவு இடைவெளியில ஒரு நசுக்கு.

முழுசும் மாவும் ஒரே நேரத்துல வருதுன்னா ரெண்டு பிளேட்டும் ஒன்னுக்கொன்னு நேரா இல்லைன்னு அர்த்தம். ஒரு பக்கம் இடைவெளி 2 மில்லிமீட்டர், எதிர்ப்பக்கம் அரை மில்லிமீட்டர் இருந்தா, நட்டை எவ்வளவு திருகினாலும் இது தீராது. வாங்கறதுக்கு முன்னாடி இதைச் சோதிங்க.

மில்லைக் காலியா வெச்சு ரெண்டு பிளேட் முகத்துலயும் சாக்பீஸ் தேய்ங்க. லேசா உரசற சத்தம் கேக்கற வரைக்கும் மட்டும் நட்டை இறுக்கி, மெதுவா மூணு சுத்து சுத்துங்க. கழட்டிப் பாருங்க. நிக்கிற பிளேட்டுல ஒரே இடத்துல சாக்பீஸ் அழிஞ்சு, சுத்தற பிளேட்டுல வட்டம் முழுக்க அழிஞ்சிருந்தா, சாய்ஞ்சிருக்கறது நிக்கிற பிளேட். மாறி இருந்தா சுத்தற பிளேட். ரெண்டுலயும் ஒவ்வொரு இடத்துல மட்டும் அழிஞ்சிருந்தா ரெண்டுமே சாய்வு. அப்ப ஒரு சுத்துக்கு ஒரு தடவை மட்டும் 'சரக்'னு சத்தம் வரும்.

தானியக்கடை:
ரோலர் மில்லைப் பத்தி. அது பார்லி மால்ட்டை உடைக்கறதுக்குன்னு, வெளிநாட்டுல வீட்டுலயே பீர் காய்ச்சறவங்க வாங்கறது. உமி கிழியாம உள்ளே இருக்கற மாவுப் பகுதி மட்டும் உடையணும்னு அவங்க 1 மில்லிமீட்டரை ஒட்டி இடைவெளி வைப்பாங்க. உமிதான் பிறகு அவங்களுக்கு வடிகட்டி. நமக்கு அந்த அவசியம் இல்லை. கம்புல அப்படி உமி கிடையாது, தோல்தான். ரோலர் குருணை ஒரே சீரா வரும், அதுல சந்தேகமில்லை. ஆனா உங்க பட்ஜெட்டுல கிடைக்கிற சின்ன ரோலரோட பல் ஆழம் கம்பு மாதிரி சின்னத் தானியத்தைக் கவ்வுதான்னு, கையில அரைக் கிலோ கம்பு கொண்டுபோய் ஓட்டிப் பாக்காம வாங்காதீங்க. வழுக்கினா உருளை சும்மா சுத்தும், தானியம் மேலேயே நிக்கும்.

மஞ்சக்குட்டை:
லேத் அண்ணா, சாக்பீஸ் சோதனை பண்ணிட்டேன். நிக்கிற பிளேட்டுல கீழ்ப்பக்கம் ஒரு விரல் அகலம் மட்டும் அழிஞ்சிருக்கு. சுத்தற பிளேட்டுலயும் ஒரே இடம். சத்தமும் சுத்துக்கு ஒன்னுதான். நிக்கிற பிளேட்டைக் கழட்டினா அதுக்குப் பின்னாடி உடம்புல மிளகு சைஸ்ல ஒரு வார்ப்பு முண்டு இருக்கு, அதுக்கு மேலதான் பிளேட் உக்காந்திருக்கு.

லேத்_சேலம்:
அந்த முண்டுதான் பாதி நோய். தட்டை அரத்தால தேய்ச்சு மட்டமாக்குங்க, ஸ்கேல் விளிம்பை வெச்சு வெளிச்சத்துல பாருங்க. பிளேட் திரும்ப உக்காந்ததும் கையால ஆட்டினா ஆடக்கூடாது. மறுபடியும் சாக்பீஸ்.

மீதிச் சாய்வுக்கு ஷிம், அதாவது மெல்லிய தகட்டுத் துண்டு, வைக்கணும். எந்த இடத்துல சாக்பீஸ் அழிஞ்சுதோ அதுக்கு நேர் எதிர்ப்பக்கம், பிளேட்டுக்குப் பின்னாடி வைங்க. உரசற இடத்துலயே வெச்சா சாய்வு இன்னும் கூடும், நிறைய பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. பித்தளை ஷிம் ஆட்டோ ஸ்பேர் கடையில கிடைக்கும். இல்லைன்னா கூல்டிரிங்ஸ் அலுமினிய டப்பாவை வெட்டினா ஒரு துண்டு சுமார் 0.1 மில்லிமீட்டர். ஒன்னு வெச்சுப் பாத்து, பத்தலைன்னா ரெண்டு. பிளேட் விளிம்புக்கு வெளிய நீட்டக்கூடாது, தானியத்தோட கலந்துரும்.

நட் தளர்றதுக்கு, அதே மறை அளவுல இன்னொரு நட் வாங்கி செக் நட்டா போடுங்க. இடைவெளி வெச்சதும் முதல் நட்டை அசையாமப் பிடிச்சுக்கிட்டு ரெண்டாவதை அதோட இறுக்கணும். ரெண்டையும் சேத்துத் திருகினா வெச்ச இடைவெளி மாறிடும்.

இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ் இல்லைன்னா பழைய ஏடிஎம் கார்டு போதும். எல்லா கார்டும் 0.76 மில்லிமீட்டர்தான். பிளேட்டோட வெளி விளிம்புல, மேல, கீழ, ரெண்டு பக்கம்னு நாலு இடத்துலயும் ஒரே மாதிரி இழுபட்டு நுழையணும். நடுவுல அளக்காதீங்க. தானியம் கடைசியா வெளிய வர்றது விளிம்பு வழியா, அந்த இடைவெளிதான் குருணை சைஸ்.

கருப்புத் தூள்: ஸ்பீக்கர் காந்தத்தை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி குருணை மேல இழுங்க. ஒட்டினா இரும்பு. பிளேட் பிளேட்டோட உரசினதுல வந்தது, சாய்வு தீர்ந்தா நிக்கும். ஒட்டலைன்னா வார்ப்பு மணலோ பழைய எண்ணெய் அழுக்கோ. ஒரு கிலோ உடைஞ்ச அரிசியை ஓட்டிக் கொட்டிடுங்க, கோழிக்கும் போடாதீங்க. பிளேட்டுல வெள்ளி நிறப் பூச்சு உரியற மில்லா இருந்தா அதைச் சாப்பாட்டுக்கு வெக்கவே வேண்டாம். காலியா வெச்சு, பிளேட் தொடற அளவுக்கு இறுக்கிச் சுத்தறதை இந்தச் சோதனையோட நிறுத்திடுங்க.

தானியக்கடை:
இனி தானியம் பக்கம். ஒரே ஓட்டுல குருணை எடுக்கப் பாக்காதீங்க, ரெண்டு ஓட்டு. கம்புக்கு முதல் ஓட்டு ரெண்டு கார்டு இடைவெளி, அதாவது சுமார் 1.5 மில்லிமீட்டர். சலிச்சு, சல்லடை மேல நிக்கிற கப்பியை மட்டும் ஒரு கார்டு இடைவெளியில ரெண்டாவது ஓட்டு. ஏற்கனவே உடைஞ்சதைத் திரும்பப் போட்டா அது மாவாகும். ரெண்டு சல்லடை வேணும்: சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை ஒன்னு, அரை மில்லிமீட்டர் ஒன்னு. நடுவுல நிக்கிறதுதான் உங்க குருணை. அடியில விழற மாவைக் களி கிண்டும்போது சேத்துக்கலாம்.

பசைக்குக் காரணம் ஈரம். ஏற்காட்டு மூட்டத்துல திறந்த சாக்குல வெச்ச கம்பு ஈரம் இழுத்துக்கும். ஒரு மணியைப் பல்லுல வெச்சுக் கடிங்க. கடக்னு உடைஞ்சா சரி, நசுங்கினா வெயில்ல காய வைக்கணும். வெயில் இல்லாத வாரம் இரும்புச் சட்டியில சிறுதீயில் கையில பிடிக்க முடியற சூடு வரைக்கும் கிளறி, முழுக்க ஆற வெச்சு உடைங்க.

அதுக்கு நேர்மாறா, எலும்பு மாதிரி காய்ஞ்ச கம்பும் தூளாகத்தான் சிதறும். அப்ப கிலோவுக்கு 20 மில்லி, அதாவது நாலு டீஸ்பூன் தண்ணி தெளிச்சு, கையால பிசறி 15 நிமிஷம் மூடி வைங்க. தோல் மட்டும் பதமாகி உரியும், உள்ளே கெட்டியா இருக்கும். இதுக்கு மேல தண்ணி போனா திரும்பவும் பசைதான். உரல்ல குத்தித் தோல் எடுத்து, முறத்துல புடைச்சு அப்புறம் உடைச்சா சோறு இன்னும் நல்லா இருக்கும். அதுக்குத் தண்ணி இன்னும் கொஞ்சம் கூட வேணும், குத்தி முடிச்சதும் நிழல்ல உலர்த்தணும்.

உடைச்ச கம்பை வாரத்துக்கு மேல வைக்காதீங்க. கம்புல 100 கிராமுக்கு 5 கிராம் கிட்ட கொழுப்பு இருக்கு, கேழ்வரகைவிட ரெண்டு மடங்குக்கு மேல. உடைஞ்சதும் காத்துப் பட்டு கசக்க ஆரம்பிக்கும். முழுத் தானியமா வெச்சு வாரா வாரம் உடைக்கறதுதான் சரி.

மஞ்சக்குட்டை:
முண்டு தேய்ச்சு, சுத்தற பிளேட்டுக்கு ரெண்டு அலுமினியத் துண்டு வெச்சேன். காந்தத்துல இப்ப ஒன்னும் ஒட்டல. ரெண்டு ஓட்டுக்குப் பிறகு 100 கிராமுக்கு முழுசு 3, குருணை 79, மாவு 18. கை மட்டும் வலிக்குது. பழைய அரைக் குதிரை மோட்டார் ஒன்னு இருக்கு, இதுல பூட்டலாமா? அப்புறம் சாமையும் இதுல போடலாமா?

லேத்_சேலம்:
மோட்டார் நேம் பிளேட்டுல வேகம் பாருங்க. 1,440ன்னா 12 மடங்கு குறைக்கணும். இந்த மில் 120 சுத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினா சூடு ஏறும், மாவு கூடும். ஒரே புல்லி ஜோடியில 12 மடங்கு வராது. நடுவுல ஒரு ஷாஃப்ட் போடுங்க: மோட்டார்ல 3 இன்ச், நடு ஷாஃப்ட்டுல 9 இன்ச், அதே ஷாஃப்ட்டுல இன்னொரு 3 இன்ச், மில்லுல 12 இன்ச். 1,440 முதல்ல 480 ஆகும், பிறகு 120. 2 இன்ச் புல்லிக்கு ஆசைப்படாதீங்க, வி பெல்ட் அவ்வளவு சின்ன வளைவுல வழுக்கும், விரிசல் விடும்.

அதுக்கு முன்னாடி தண்டு ஓடற ஓட்டையைப் பாருங்க. கை மில்லுல வெறும் வார்ப்பிரும்பு ஓட்டைதான் இருக்கும், மோட்டார்ல ஓடினா அது முட்டை வடிவமாத் தேயும், தேய்ஞ்சா திரும்பச் சாய்வு. லேத்துல கொடுத்து கன்மெட்டல் புஷ் (ஓட்டைக்குள்ள போடற வெண்கல வகை வளையம்) போட்டுக்கங்க. திசையும் முக்கியம்: கையால சுத்தற அதே திசை. மாறினா திருகுத் தண்டு தானியத்தைப் பின்னாடி தள்ளும்.

எப்பவும் காலியா ஓட விட்டு, வேகம் பிடிச்ச பிறகு தானியம் கொட்டுங்க. வோல்டேஜ் குறைஞ்ச நேரத்துல மோட்டார் உறுமிக்கிட்டு சுத்தாம நின்னா உடனே ஆஃப் பண்ணணும், விட்டா காயில் போயிடும். பெல்ட்டை ரொம்ப இறுக்காதீங்க. கல் மாட்டினா பெல்ட் வழுக்கறதுதான் பிளேட்டைக் காப்பாத்தும். பெல்ட்டுக்குத் தகரக் கவசமும் எர்த் இணைப்பும் இல்லாம ஓட்டவே வேண்டாம்.

தானியக்கடை:
சாமை வேண்டாம். மேல இருக்கற உமி கெட்டி, அரிசியோட இறுகப் பிடிச்சிருக்கும். இந்தப் பிளேட்டுல உமியும் அரிசியும் சேந்து நொறுங்கி, பிறகு புடைச்சாலும் பிரியாது. சாமைக்கும் தினைக்கும் உமி நீக்கற மெஷின் தனி.

சோளம் கம்பைவிடப் பெருசு, அதனால முதல் ஓட்டு மூணு கார்டு, ரெண்டாவது ரெண்டு கார்டு. கம்பு ஓட்டி முடிச்சு, அதுக்கப்புறம் சோளம்னா நட்டைத் தளர்த்தி மூணு கார்டுல தொடங்குங்க, ரெண்டாவது ஓட்டுக்கு ரெண்டு கார்டுக்கு இறுக்குங்க. முடிஞ்சதும் தண்ணி விட்டுக் கழுவாதீங்க, துருப் பிடிக்கும். காஞ்ச பிரஷ்ஷால பள்ளத்துல இருக்கற மாவை எடுத்து, பிளேட்டைக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள வெச்சிடுங்க, ஈரம் ஏறாது.