சாக்ஸ் என்றால் காலுறை அல்ல

வாட்ஸ்அப் குழு: அம்மாச்சி வீட்டு உறவுகள், ஹட்டன்

மாமா: "எதிர்ப்புச் சக்தியை இரட்டிப்பாக்கும் மூலிகைப் பாகு. போத்தல் 3,500 ரூபாய்." மழை பிடித்துவிட்டது. வீட்டுக்கு ஒன்று எடுக்கலாமா?

சித்தி: ஒரு நாள் முழுக்கத் தேயிலை மலையில் பேர் போட்டு உழைத்தாலும் அந்தக் காசு வராது, அண்ணா.

கவிதா: மாமா, இரட்டிப்பானால்தான் வம்பே.

தம்பி: பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து அக்கா வந்துவிட்டார். இனி ஆர்.என்.ஏ.தான்.

கவிதா: ஆமாம், அதுதான். டி கலம் என்பது எதிர்ப்புப் படையில் ஒரு சிப்பாய். அது சும்மா இருக்கும்போது பிரேக் போட்டு வைப்பவை சாக்ஸ் என்ற புரதங்கள்.

சித்தி: சாக்ஸா? தம்பிக்கு வாங்கினால் ஒற்றை மட்டும் காணாமல் போகுமே, அதுவா?

கவிதா: இதுவும் காணாமல் போனால்தான் வேலை நடக்கும், சித்தி! அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்புத் தாள்தான் ஆர்.என்.ஏ. அதில், அடினீன் எழுத்துகள் சிலவற்றின் மேல் மெட்டில்3 என்ற நொதியம் சின்ன மெதைல் குறி வைக்கிறது. ஐ.எல்.7 என்ற சமிக்ஞை வந்ததும் குறியுள்ள ஆர்.என்.ஏ. விரைவாகச் சிதைகிறது. பிரேக் தளர்கிறது, கலம் பெருகுகிறது.

தம்பி: மெய்யெழுத்துப் புள்ளி மாதிரி!

கவிதா: அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருந்தாது. புள்ளி வைத்தால் ஓசை மாறிவிடும். இங்கே வாசகம் அப்படியே இருக்கிறது, தாளின் ஆயுள்தான் குறைகிறது.

மாமா: குறியே வைக்காவிட்டால்?

கவிதா: 2017இல் எலிகளில் பார்த்துவிட்டார்கள். டி கலங்களில் மட்டும் மெட்டில்3ஐ நீக்கியபோது, பிரேக்கின் ஆர்.என்.ஏ. சிதையாமல் தங்கிவிட்டது. கலங்கள் சரியாகப் பெருகவில்லை, வேலைக்கேற்ற வகைகளாக மாறவும் இல்லை. அடுத்தது உங்களுக்காகவே, மாமா. சொந்த டி கலங்கள் இல்லாத எலிகளுக்குச் சாதாரண டி கலங்களை ஏற்றினால், அவை கண்டபடி பெருகிக் குடலையே தாக்கும். மெட்டில்3 இல்லாத கலங்களை ஏற்றியபோது குடல் அழற்சி வரவில்லை.

மாமா: அப்படியானால் பாகு குடலைத் தின்றுவிடுமா?

கவிதா: பாகு ஒன்றும் செய்யாது என்றுதான் நினைக்கிறேன். "கூடக்கூட நல்லது" என்று விற்கிறார்களே, அதைத்தான் நம்பாதீர்கள்.

அம்மாச்சி: கொத்தமல்லி அவித்து வைத்திருக்கிறேன். சூடாக இருக்கும்போதே வந்து குடியுங்கள்.

மாமா: முன்பணம் கட்டிவிட்டேனே.

சித்தி: எத்தனை போத்தலுக்கு?

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது