மறு: பேக் ஃபோகஸுக்கு 'பின்குவியம்' சரியா?

> 'பின்குவியம்' எளிது, ஆங்கிலத்தோடும் ஒட்டி வருகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா,

ஒட்டி வருவதுதான் சிக்கல். ஆங்கிலத்தில் 'பேக் ஃபோகஸ்' என்ற ஒரு சொல்லே மூன்று பொருளைச் சுமக்கிறது. ஒளிப்படக்காரர்களுக்கு அது, ஆட்டோஃபோகஸ் ஆளைத் தாண்டிப் பின்னால் விழும் பிழை. 'பின்குவியம்' அதற்குப் பொருந்தும், அங்கேயே இருக்கட்டும். வான்படம் எடுக்கத் தொலைநோக்கி வாங்குபவருக்கு மற்ற இரண்டும் வேண்டும்.

ஒன்று, ஃபோக்கசரை (தெளிவுக்காக உள்ளும் வெளியும் நகர்த்தும் குழாய்) முழுக்க உள்ளே தள்ளியபின் பிம்பம் அதற்கு வெளியே எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பது. கண்ணால் பார்க்கவென்றே செய்த நியூட்டோனியன்களில் (ஆடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கிகள்) இது குறைவு. டிஎஸ்எல்ஆர் கேமராவின் உணரியோ (படம் பதியும் சில்லு), கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டி-வளையத்தையும் சேர்த்தால் 55 மி.மீ. தள்ளி நிற்கும், நிலாகூடத் தெளியாது. முதன்மை ஆடியை முன்னே நகர்த்த வேண்டும், அல்லது உயரம் குறைந்த ஃபோக்கசர் மாற்ற வேண்டும். இதற்கு 'குவிய வெளித்தொலைவு' என்கிறேன்.

மற்றது, ஃபீல்டு ஃப்ளாட்னருக்கும் (படத்தின் மூலைகளையும் தெளியவைக்கும் திருத்தும் வில்லை) உணரிக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம். ஃபோக்கசரைத் திருகி இதை மாற்ற முடியாது, இடைவளையங்களால்தான் முடியும். அதனால்தான் இதில் 'குவியம்' வரவே கூடாது என்கிறேன். பலவற்றில் இது 55 மி.மீ.: கேனன் இஎஃப் உடலில் 44, டி-வளையத்தில் 11. குளிரூட்டிய கேமராவில் முகப்பிலிருந்து உணரிவரை 17.5 என்றால், மீதி 37.5ஐ 21, 16.5 மி.மீ. வளையங்கள் நிரப்பும். நடுவே 2 மி.மீ. வடிகட்டி வந்தால், கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 0.7 மி.மீ., கூட்ட வேண்டும். மூலை விண்மீன்கள் மையத்திலிருந்து ஆரப்போக்கில் நீண்டால் பெரும்பாலும் தூரம் போதவில்லை. மையத்தைச் சுற்றி வளைந்தால் கூடிவிட்டது. ஒரே மூலை மட்டும் கெட்டால் வளையங்களைத் தொடாதீர்கள், அது உணரியின் சாய்வு.

இதற்கு 'உணரி இடைவெளி'.

——

> இதற்கு 'உணரி இடைவெளி'.

பிரித்தது மிகச் சரி. ஆனால் 'உணரி இடைவெளி'யைப் படப்புள்ளிகளுக்கு நடுவேயுள்ள இடைவெளி என்றும் படிப்பார்கள். 'திருத்தி–உணரித் தொலைவு' எப்படி?

——

'திருத்தி' எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எட்ஜ்எச்டி 8 தொலைநோக்கியில் திருத்தும் வில்லைகள் குழாய்க்குள்ளேயே இருக்கின்றன; அதற்கு வேண்டிய 133.35 மி.மீ. தூரம் குழாயின் பின்புறத்திலிருந்து அளப்பது. ஃப்ளாட்னரிலும் கண்ணாடியிலிருந்து அளப்பதில்லை, மரை முடியும் விளிம்பிலிருந்துதான். கண்ணாடியிலிருந்து அளந்து வளையம் வாங்கினால் அது வீண். 'விளிம்பு–உணரித் தொலைவு' என்றால் இரண்டுக்கும் பொருந்தும், அளவுகோலை எங்கே வைப்பது என்பதும் சொல்லிலேயே இருக்கும்.