ஜான்ஸ்டன் காயமடையாதிருந்தால் ரிச்மண்ட் வீழ்ந்திருக்குமா?

கேள்வி:
அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மே 31 மாலை, செவன் பைன்ஸ் களத்தில் தோளில் துப்பாக்கிக் குண்டும் மார்பில் எறிகுண்டுச் சிதறலும் தாக்கி தென்மாநிலப் படைத் தளபதி ஜோசப் ஜான்ஸ்டன் குதிரையிலிருந்து சாய்ந்தார். மறுநாளே ராபர்ட் லீ தென்மாநிலப் படையின் தலைமையை ஏற்றார். அந்தக் காயம் நேராதிருந்தால் தென்மாநிலங்களின் தலைநகரான ரிச்மண்ட் தப்பியிருக்குமா?

மறுமொழி 1:
தப்பியிருக்காது என்றே கருதுகிறேன். படையைக் காப்பாற்ற நிலத்தை விட்டுக்கொடுப்பது ஜான்ஸ்டனின் இயல்பு. யார்க்டவுனிலிருந்து தலைநகரின் வாசல்வரை அவர் பின்வாங்கியதே அதற்குச் சான்று. லீயோ ஜூன் கடைசி வாரத்தில் அடுத்தடுத்துத் தாக்கி, மாண்டவரும் காயமுற்றவருமாக ஏறத்தாழ 20,000 பேரை இழந்தும், வடமாநிலப் படைத் தளபதி மெக்கிளெல்லனை ஜேம்ஸ் ஆற்றங்கரைக்குத் தள்ளினார். அத்தகைய விலையைக் கொடுக்க ஜான்ஸ்டன் துணிந்திருக்க மாட்டார்.

மறுமொழி 2:
அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது, ஐயா. செவன் பைன்ஸில் தாக்குதலைத் தொடங்கியவரே ஜான்ஸ்டன்தான். பதவி வரிசையில் அடுத்திருந்த குஸ்டாவஸ் ஸ்மித்திடமே தலைமை நிலைத்திருந்தால்தான் பேராபத்து. அன்றிரவு தென்மாநில அதிபர் டேவிஸ் வினவியபோது ஸ்மித்திடம் தெளிவான திட்டம் எதுவும் இல்லை.

மறுமொழி 3:
ரிச்மண்ட் அந்தக் கோடையிலேயே வீழ்ந்து போர் முடிந்திருந்தால், செப்டம்பரில் லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலை முன்னறிவிப்புக்கு வாய்ப்பே இல்லாமல் போயிருக்கலாம். லட்சக்கணக்கானோரின் விடுதலை மேலும் தள்ளிப்போயிருக்கும் என்பதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.