எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்குத் தமிழில் என்ன? திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது

காட்பாடி:

குழுவினருக்கு வணக்கம். டீசல் மெக்கானிக் படிக்கும் பையன்களுக்காக ஒரு சிறு கையேடு தயாராகிறது. ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புகளில் எக்ஸாஸ்ட் மேனிபோல்டை, அதாவது எல்லா சிலிண்டரின் புகையையும் வாங்கி ஒரே குழாயில் அனுப்பும் உறுப்பைப் பராமரிப்பது, தேவைப்பட்டால் மேலான ஒன்றைப் பூட்டுவது, இவ்வளவுதான் விஷயம். ஜவ்வாது மலைக்கு ஏறி இறங்கும் வண்டிகளை நம்பித்தான் இங்கே பாதிப் பட்டறைகள் ஓடுகின்றன. "வெளியேற்றுப் பன்மடிக்குழாய் அடைப்புத்தகட்டுத் திருகாணிகளைத் தளர்த்துக" என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு எந்தப் பையனும் ஸ்பேனரைத் தொடமாட்டான். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

ஆற்காடு:

ஆசிரியர் தம்பிக்கு. பன்மடி வேண்டாம். ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்து மொழிபெயர்த்திருக்கிறீர்கள், உறுப்பைப் பார்க்கவில்லை. கணிதத்தில் வரும் மேனிபோல்டுக்கு வேண்டுமானால் பன்மடியை வைத்துக்கொள்ளட்டும். நம்மிடம் தூம்பு இருக்கிறது. உள்ளே துளையுள்ள நீண்ட பொருள் தூம்பு. சங்கப் பாட்டில் யானையின் கை 'தூம்புடைத் தடக்கை'. தும்பிக்கையும் அந்த வேரிலிருந்து வந்ததுதான் என்பது என் துணிபு. கல்வெட்டுகளில் ஏரியின் நீர் வெளியேறும் வழிக்கும் இதே பெயர்தான். குமிழித்தூம்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காவேரிப்பாக்கம் ஏரியை வைத்துக்கொண்டு நாம் குழாய், பைப் என்று அலைய வேண்டுமா? பல வாயுள்ள தூம்பு, பல் + தூம்பு. பஃறுளி, பஃறொடை என்பவற்றைப் போலவே இங்கும் லகரம் ஆய்தமாகத் திரியும். எனவே புகைப் பஃறூம்பு.

குடியாத்தம்:

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பட்டறைப் பையன்களுக்கு ஆய்தம் தெரியும், ஆனால் ஃபேன், ஃபில்டர் என்று எழுதும் எழுத்தாகத்தான் தெரியும். பஃறூம்பை அவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. எங்களுக்கு அது மேனிபோல்டு. வண்டி கொண்டுவருகிறவர்களோ இன்ஜினிலிருந்து பின்னால் புகை வரும் இடம் வரைக்கும் மொத்தத்தையும் சைலன்சர் என்றுதான் சொல்கிறார்கள்.

சொல்லை விடுங்கள், வேலையைச் சொல்கிறேன். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம், பத்து நிமிடம் ஓடினால் அடங்கிவிடும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கோளாறு என்று நினைத்து வருவார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் சிலிண்டர் ஹெட்டும் மேனிபோல்டும் சேரும் இடத்தில் விசிறி மாதிரி கறுப்பாகக் கரி படிந்திருக்கும். இடையில் கசியாமல் அடைக்கும் தகடான கேஸ்கெட் போயிருக்கும், அல்லது மேனிபோல்டைப் பிடித்திருக்கும் திருகுக் கம்பிகளில் கடைசி ஸ்டட் ஒடிந்திருக்கும். சூடானால் இரும்பு விரிந்து இடைவெளி மூடிக்கொள்கிறது, சத்தம் நிற்கிறது. புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ உள்ள வண்டியில் இப்படி லீக் இருந்தால் டர்போவுக்குப் போக வேண்டிய அழுத்தம் வழியிலேயே போய்விடும். ஏற்றத்தில் இழுவை இல்லை, கரும்புகை. கையேட்டில் இதுதான் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

ராணிப்பேட்டை:

நான் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே பல குழாய்கள் வந்து சேரும் பெரிய குழாயை ஹெடர் என்போம். மேனிபோல்டும் அந்த ஜாதிதான். ஐயா சொல்லும் தூம்பில் எனக்கு ஒரு சந்தேகம். ஏரித் தூம்பு தண்ணீரை வெளியே விடுகிறது, அங்கிருந்து அது கால்வாய்களாகப் பிரிந்து போகிறது. எக்ஸாஸ்டில் நடப்பது தலைகீழ்: நான்கு சிலிண்டரின் புகையும் ஒன்றாகிறது, பொன்னை ஆறு பாலாற்றில் வந்து விழுவதைப் போல. பிரிந்து போவது சிலிண்டர்களுக்குக் காற்றை அனுப்பும் இன்டேக் மேனிபோல்டில். ஆகவே ஒரே சொல்லை இரண்டுக்கும் ஒட்டவைக்காமல், இன்டேக்குக்குப் பகிர்குழாய், எக்ஸாஸ்டுக்குச் சேர்குழாய் என்று வைத்தால் பெயரே வேலையைச் சொல்லிவிடும்.

திருவண்ணாமலை:

1989இல் மாவட்டத்தைப் பிரித்து எங்களைத் தனியாக விட்டாலும் வடஆற்காட்டு விவாதத்தில் தலையிடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று நினைக்கிறேன். ஆறுகள் சேருமிடம் கூடல். புகைக்கூடல் என்று சொல்லிப் பாருங்கள். சின்னச் சொல், வினையும் இருக்கிறது, ஓசையும் இருக்கிறது.

காட்பாடி:

அக்கா, ஓசை எல்லாம் சரிதான். பதினெட்டு வயதுப் பையன்கள் நிறைந்த வகுப்பில் ஊடலும் கூடலும் என்று ஆரம்பித்தால் அந்த வாரம் பாடம் நடக்காது. புகைத்திரட்டி எப்படி இருக்கும்?

குடியாத்தம்:

சார், அது டிபிஎஃப் ஆகிவிடும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் இருக்கிறதே, திரட்டுவது அதுதான். மேனிபோல்டு எதையும் திரட்டி வைப்பதில்லை, வாங்கி அனுப்பிவிடுகிறது. திரட்டியைக் கழற்றிச் சுத்தம் செய் என்று படித்துவிட்டு ஒருவன் எதைக் கழற்றுவான் என்று சொல்ல முடியாது.

ஆற்காடு:

'புகை' என்பதே முதலில் பிழை. நன்றாக ஓடும் டீசல் இன்ஜினில் கண்ணுக்குத் தெரியும் புகை வரலாகாது என்று நீங்களே சொல்வீர்கள். வருவது வளி. கழிவளி எனலாம். கழிவளித் தூம்பு. ஆய்தம்தானே இடித்தது, எடுத்துவிட்டேன். தூம்பு பழைய சொல். பழைய சொல்லைப் புதிய பொருளுக்கு ஏற்றுவதுதான் மொழிக்கு உயிர். பையன்களுக்குப் புரியாது என்பதையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் நாளைக்கு எண்ணெயும் புரியாது, ஆயில்தான் புரியும்.

குடியாத்தம்:

இப்போதே ஆயில்தான் ஐயா.

ராணிப்பேட்டை:

கழிவளி என்று காதில் விழுந்தால் கழிவறைதான் நினைவுக்கு வரும். புகை போகட்டும் என்று விடுங்கள், ஊரெல்லாம் புகை என்றுதான் சொல்கிறது.

தம்பி கையேட்டில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மேனிபோல்டில் ஸ்டட் நுழையும் ஓரத்து ஓட்டைகள் ஏன் நீள்வட்டமாக இருக்கின்றன என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அரை மீட்டர் நீள வார்ப்பிரும்பு 600 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். ஹெட்டில் தண்ணீர் ஓடுவதால் அது அந்த அளவுக்கு நீளாது. நடு ஓட்டை இறுக்கமாகப் பிடித்திருக்க, இரண்டு ஓரமும் வழுக்கி நகர வேண்டும். நகரவிடாமல் அசுர பலத்தில் இறுக்கினால் ஸ்டட் ஒடியும், இல்லையென்றால் மேனிபோல்டில் விரிசல் விடும். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும், இரண்டு மூன்று சுற்றாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, இன்ஜின் ஆறிய பிறகு.

குடியாத்தம்:

அதேதான். கழற்றியதும் மேனிபோல்டின் முகத்தில் நேர்விளிம்பு வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். கோணியிருந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாகச் சீவாமல் எத்தனை கேஸ்கெட் போட்டாலும் நிற்காது.

பெரியதாக மாற்றிப் போடும் ஆசையைப் பற்றியும் எழுதுங்கள் சார். வளைத்து வெல்டு வைத்த ஸ்டீல் குழாய் செட்டைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் குலுங்கிக் குலுங்கி மலை ஏறுகிற வண்டியில், டர்போவின் எடையும் அதிலேயே தொங்கினால், வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். மெதுவாக இழுக்கிற வேலைக்கு நல்ல வார்ப்பிரும்பே போதும். செலவு செய்தே தீருவேன் என்கிறவருக்கு சிலிக்கான் மாலிப்டினம் சேர்த்த வார்ப்பு, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட், புது ஸ்டட். மீதிக் காசில் புகைச் சூட்டைக் காட்டும் மீட்டர். நீண்ட ஏற்றத்தில் டர்போவுக்கு முன்னால் 700 டிகிரியைத் தொடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும் என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டுமே. அந்த மீட்டருக்கு மேனிபோல்டில் துளை போடும்போது சீவல் உள்ளே விழுந்தால் டர்போ காலி. கழற்றி வைத்துத்தான் துளைக்க வேண்டும்.

திருவண்ணாமலை:

கூடல் போனதில் வருத்தமில்லை. சேர்குழாய்க்கு என் ஓட்டு. ஆனால் வகுப்பில் ஆசிரியர் வாயால் மேனிபோல்டு என்றே சொல்வார், தாளில் மட்டும் சேர்குழாய் இருக்கும். அப்படி அச்சில் மட்டும் வாழும் சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே ஒரு கிடங்கு நிறைய உண்டு.

காட்பாடி:

இதற்கு மேல் தாங்காது, அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். முதல் பக்கத்தில் "புகைச் சேர்குழாய் என்கிற மேனிபோல்டு", அதற்கப்புறம் சேர்குழாய். இன்டேக்குக்குப் பகிர்குழாய். கேஸ்கெட், ஸ்டட் இரண்டையும் அப்படியே விடுகிறேன். அக்கா சொன்னதற்காக, வகுப்பிலும் சேர்குழாய் என்றே சொல்லிப் பார்க்கிறேன்.

ஆற்காடு:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது தூம்பை மறுபடி கொண்டுவருவேன். இருக்கட்டும், கேஸ்கெட்டை ஏன் அப்படியே விட்டீர்கள்? செறிதகடு இருக்கிறதே.

குடியாத்தம்:

ஐயா, அதைத் திங்கட்கிழமைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அதைப் பேக்கிங் என்கிறோம்.