டைல் தனித்தனி என்றார்களே, ஏன் சிதறுகிறது?

கேள்வி: 360 டிகிரி வீடியோவை எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் 4×4 டைலாக, அதாவது 16 செவ்வகத் துண்டுகளாகப் பிரித்தேன். பார்ப்பவர் திரும்பும் பக்கத்து டைலை மட்டும் டிகோட் செய்தால் (சுருக்கியதைப் படமாக விரித்தால்) முதல் ஃபிரேம் பளிச்சென்று இருக்கிறது, அடுத்ததிலிருந்து ஓரமெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது.

பதில்: ஒரே ஃபிரேமுக்குள்தான் டைல்கள் தனித்தனி. படத்தின் ஒரு கட்டத்தை முந்தைய ஃபிரேமில் எங்கிருந்து எடுப்பது என்று காட்டும் மோஷன் வெக்டர் அந்த ஃபிரேமின் பக்கத்து டைலிலும் கைவைக்கும், அதைத்தான் நீங்கள் வெட்டிவிட்டீர்களே, அப்புறம் எங்கிருந்து கிடைக்கும்? வீடியோவைச் சுருக்கும் என்கோடரில் வெக்டரை டைலுக்குள்ளேயே அடக்குங்கள். டைல் எல்லையில், கட்டங்களின் விளிம்பை மழுப்பும் லூப் ஃபில்டரையும் அணையுங்கள்.

கேட்டவர்: சரியாகிவிட்டது, நன்றி! ஆனால் ஃபைல் பெருத்துவிட்டது.

இன்னொருவர்: பெருக்கத்தான் செய்யும், 16 டைல் ரொம்ப அதிகம். எச்.265க்கு அடுத்து 2020இல் வந்த எச்.266இல் இதற்கென்றே சப்பிக்சர் (தனியே பிரித்தெடுக்கக்கூடிய படத்துண்டு) உண்டு, அதன் ஓரத்தைப் படத்தின் ஓரமாகவே நடத்தலாம். அதை ஓட்டும் போன் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.