எட்டு வயதுப் பெண்ணுக்குத் தமிழில் புதிய கதைப் புத்தகங்கள்: எதில் தொடங்குவது?

பெங்களூரு அப்பா:

வணக்கம். என் மகள் பெங்களூரில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளியில் தமிழ் கிடையாது. அவள் பாட்டிதான் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார். இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். ஊருக்குப் போகும்போது ஓசூர் வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வருவாள். ஆனால் புத்தகம் என்றால் ஆங்கிலம்தான். அதில் தடித்த புத்தகங்களைக்கூட ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாள்.

தமிழில் அவளால் படிக்க முடிகிற அளவுக்கு எளிதாக இருப்பவை “இது பாப்பாவுக்கு” என்று தள்ளிவிடும்படி இருக்கின்றன. அவள் வயதுக்கு ஏற்ற கதைகளோ நெருக்கி அச்சிட்ட பக்கங்களாக இருக்கின்றன. தெனாலிராமனும் பஞ்சதந்திரமும் வீட்டில் நிறைய உண்டு. கடந்த பத்தாண்டுகளுக்குள் வந்தவை வேண்டும். பாம்பு, பல்லி, சிலந்தி என்றால் அவளுக்கு உயிர்.

மதுரை வாசகர்:

சாகித்திய அகாடமி சிறார் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்திய புரஸ்கார் விருதுப் பட்டியலைப் பாருங்கள். 2020இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, 2024இல் யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’, 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. எல்லாம் இன்றைய பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

தென்காசி ஆசிரியை:

வணக்கம் சகோதரரே. தென்காசிப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மதுரை நண்பர் கொடுத்தது நல்ல பட்டியல்தான். ஆனால் அது சரளமாக வாசிக்கிற பிள்ளைக்கான பட்டியல். எழுத்துக் கூட்டுகிற பிள்ளையின் கையில் நாவலைக் கொடுத்தால், கதை சூடு பிடிப்பதற்குள் அவள் களைத்துவிடுவாள்.

தமிழ் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளைத் தடுக்கிவிடுவது பெரும்பாலும் எழுத்து அல்ல, சொல்லின் நீளம். எங்கள் வகுப்பில் ஒரு பையன் ‘நரி வந்தது’ என்பதை விரல் வைக்காமலே படிப்பான். அதே பக்கத்தில் ‘ஓடிக்கொண்டிருந்தபோது’ என்று வந்தால் விரல் பாதியில் நின்றுவிடும். திரும்ப முதலுக்கு வந்து ‘ஓடி’ என்பான். மறுபடி அதே இடத்தில் நிற்பான். பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பான். அதற்குள் நரி எங்கே ஓடியது என்பதே மறந்திருக்கும்.

ஆகவே கடையில் அட்டையையும் விருதையும் பார்ப்பதற்கு முன் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். இப்படி நான்கைந்து சொற்கள் ஒட்டிக்கொண்டு நீண்ட வினைகள் பக்கத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால், அந்தப் புத்தகம் நீங்கள் வாசித்துக்காட்ட வேண்டியது. அவள் தனியாகப் படிக்க வேறு வேண்டும்.

அந்த ‘வேறு’ இப்போது நிறையவே கிடைக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். தரவிறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். உங்கள் மகளுக்கு முதல் நிலை சலிப்பாக இருக்கும். இரண்டாம் நிலையில் கதையை விட்டுவிட்டு விலங்கு, பூச்சி பற்றிய புத்தகங்களைத் தேடுங்கள். வாக்கியம் சின்னதாக இருக்கும், விஷயம் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்காது. சிலந்தி எப்படி வலை பின்னுகிறது என்பதை ஐந்து சொல் வாக்கியத்தில் படிப்பதில் எட்டு வயதுப் பெண்ணுக்கு எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

எங்கள் பள்ளியில் இதைக் கண்ணால் பார்க்கிறேன். தமிழ்நாடு அரசு பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். எந்த வகுப்பு என்று அட்டை சொல்வதில்லை. அதனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் கூச்சப்படாமல் ‘நுழை’ புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுகிறான்.

தூலிகா பதிப்பகத்தின் படக்கதைகளும் அருமையானவை. ஒன்றே ஒன்று: இருமொழிப் பதிப்பை வாங்காதீர்கள். ஆங்கிலம் சரளமாகத் தெரிந்த பிள்ளையின் கண் தமிழ் வரியைத் தாண்டி ஆங்கில வரிக்குத்தான் போகும். தமிழ் மட்டும் உள்ள பதிப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

பெங்களூரு அப்பா:

மிக்க நன்றி டீச்சர். இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. அப்படியானால் அந்த நாவல்களை இப்போதைக்கு வாங்க வேண்டாமா? ‘மரப்பாச்சி’ பற்றிப் பலரும் சொல்கிறார்கள்.

தென்காசி ஆசிரியை:

வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் வாசிப்பது நீங்கள், கேட்பது அவள். ‘ஆதனின் பொம்மை’யில் தொடங்கலாம்; கீழடியைச் சுற்றி நடக்கும் கதை. அங்கே கிடைத்த பானை ஓட்டில் ‘ஆதன்’ என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. 2023இல் அங்கே அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அழைத்துப் போனால், கதையில் கேட்ட பெயர்களை அவளே தேடித் தேடிப் படிப்பாள்.

‘மரப்பாச்சி’ தவறான தொடுதலைப் பற்றிப் பேசும் கதை. பேசும் பொம்மை வருவதால் பிள்ளைகள் பயமில்லாமல் கேட்கிறார்கள். ஆனாலும் முதலில் நீங்களும் அவள் அம்மாவும் முழுதாகப் படித்துவிடுங்கள். அவள் இடையில் நிறுத்திக் கேள்வி கேட்பாள். அப்போது பக்கத்தைப் புரட்டி நழுவிவிடாமல் பதில் சொல்ல வேண்டும். பிள்ளையிடம் இதை எப்படிப் பேசுவது என்று தவிக்கிற பெற்றோருக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

இன்னொன்று. படித்து முடித்ததும் “இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நாங்கள் பள்ளியில் கேட்கிற கேள்விகளே அவர்களுக்குப் போதும்.

ஜெயநகர் வாசகி:

பெங்களூரிலேயே இருக்கிறேன் அண்ணா. அல்சூரில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. குழந்தையையும் அழைத்துப் போய் அவளையே எடுக்கச் சொல்லுங்கள். இன்னொரு யோசனை: தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் ‘துளிர்’ மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள். பூச்சி, பறவை, வானம் எல்லாம் அதில் வரும். முழுவதும் இப்போது புரியாது, கட்டுரைகள் சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கானவை. ஆனாலும் அவள் பெயருக்கே வரவழையுங்கள். தன் பெயர் போட்டுத் தபாலில் வந்ததை என் மகன் யாரையும் பிரிக்க விடமாட்டான். முதலில் படங்களுக்குக் கீழே இருக்கும் வரிகளை மட்டும் படித்தான். இப்போது புதிர்ப் பக்கத்துக்கு வந்திருக்கிறான்.

பெங்களூரு அப்பா:

அவள் பெயருக்கே சந்தா கட்டிவிடுகிறேன் சகோதரி. டீச்சர், இரண்டாம் நிலையில் பாம்பு பற்றி நீங்கள் வகுப்பில் பயன்படுத்தியது ஏதாவது இருந்தால் பெயரை மட்டும் இங்கே போடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அச்சடித்து வைக்கப் பார்க்கிறேன்.