பொம்மைக்குப் போர்த்தி எடுத்தா வெள்ளைச் சால்வை நீலமா வருது, அவசரம்

கோத்தகிரிக்கடை:
சாயங்காலத்துக்குள்ள படம் ஏத்தணும். நீலகிரி தோடர் பழங்குடியோட தோடா எம்பிராய்டரி சால்வை, பொம்மைக்குப் போர்த்தி எடுக்கிறேன். துணி நீலமா விழுது. போன வாரம் ஒருத்தங்க "படத்துல பார்த்த கலர் இல்லை"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எல்லா செட்டிங்கும் மாத்திப் பார்த்தாச்சு. என்ன பண்றது?

ஊட்டி_மூர்த்தி:
கேமராவா, போனா? லைட் எது? படம் ஒண்ணாவது போடுங்கம்மா, ஜோசியமா பார்க்க முடியும்?

சில்வர்ஓக்:
லென்ஸ்ல பங்கஸ். நம்ம ஊர் ஈரத்துல பீரோவுக்குள்ள வெச்சா உள்ளுக்குள்ள நூல் நூலா படர்ந்துடும். காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

ஊட்டி_மூர்த்தி:
பங்கஸ் வந்தா படம் மங்கும், நீலமாகுமா?

சில்வர்ஓக்:
என்னோடது ஆச்சே.

ஒளிச்செல்வன்:
ஒயிட் பேலன்ஸ் என்று, எந்த வெளிச்சத்திலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் செட்டிங் ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டதுண்டா? பழைய இழைகளைத் தேடிப் படிக்க இங்கே ஒருவருக்கும் பொறுமையில்லை. வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் மேகமூட்ட வெளிச்சம் 6500 பக்கம், மஞ்சள் பல்பு 2700. இரண்டையும் கலந்துவிட்டு ஆட்டோவில் வைத்தால் போன் எதை நம்பும்? பல்பை அணையுங்கள். வெள்ளைத் தாளைக் காட்டி கஸ்டம் செட் செய்யுங்கள். எக்ஸ்போஷரை +1 ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் துணி சாம்பலாகத்தான் விழும். இதெல்லாம் அரிச்சுவடி.

கோத்தகிரிக்கடை:
போன்தான். பல்பு எங்க போட, காலைல இருந்து கரண்டே இல்லை. ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். சிவப்பு நூல் வேற கறுப்பாட்டம் தெரியுது. படம் போட்டிருக்கேன்.

சில்வர்ஓக்:
போன்லயும் பங்கஸ் வரும்.

தேயிலைத்தூள்:
சால்வையைத் திருப்பிப் போட்டிருக்கீங்களோ? உள்பக்கம் மாதிரி இருக்கு.

மந்துப்பக்கம்:
தோடா வேலையில ரெண்டு பக்கமும் போட்டுக்கலாம். படம் வரைஞ்சு தைக்கிறதில்லை, துணியோட இழையை எண்ணி எண்ணி ஊசி போடறது.

தேயிலைத்தூள்:
அப்ப இது கைவேலைதானா? 2013ல புவிசார் குறியீடு கிடைச்சும் மெஷின்ல அடிச்சதை எல்லாம் தோடான்னு விக்கிறாங்க.

மந்துப்பக்கம்:
விக்கிறவங்களைக் கேளுங்க. பேரம் பேசிப் பேசி அந்த மெஷின் துணியை வாங்கறதும் நாமதானே?

தேயிலைத்தூள்:
நான் வாங்கினதே இல்லை.

ஒளிச்செல்வன்:
இது புகைப்பட இழை.

குன்னூர்_டெய்லரக்கா:
பொம்மையோட கழுத்தைப் பெருசாக்கிப் பாருங்க. பளபள பிளாஸ்டிக்தானே, அதுல ஜன்னல் சதுரமா தெரியுது. அந்தச் சதுரமே நீலம். தங்கச்சி, ஜன்னலுக்கு வெளிய என்ன கட்டியிருக்க?

கோத்தகிரிக்கடை:
தார்ப்பாய்க்கா. ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கு, ஐப்பசி மழைக்கு வருஷா வருஷம் கட்டறதுதான். நீலக் கலர். அதுவா??

குன்னூர்_டெய்லரக்கா:
அதேதான். இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. அதை அவுத்துட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்து, நிழல் விழற பக்கமும் தெளியும். பொம்மையைச் சுவரை ஒட்டி வைக்காதே.

ஒளிச்செல்வன்:
நான் சொன்ன கஸ்டம் செட்டிங்கிலேயே சரியாகியிருக்கும்.

குன்னூர்_டெய்லரக்கா:
வெள்ளை சரியாகும் சார். சிவப்பு? தார்ப்பாய் வழியா சிவப்பு வெளிச்சம் உள்ள வரதே கம்மி, அப்புறம் நூல் எங்கிருந்து சிவப்பா தெரியும்? இல்லாததை செட்டிங் எங்க போய் எடுத்துட்டு வரும்?

சில்வர்ஓக்:
எதுக்கும் லென்ஸையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

கோத்தகிரிக்கடை (ரெண்டு நாள் கழிச்சு):
அவுத்துட்டோம். வெள்ளை வெள்ளையா, சிவப்பு சிவப்பா வந்துச்சு. சாரல் உள்ள அடிக்குது, பொம்மை பக்கத்துல வாளி வெச்சிருக்கேன். நன்றிக்கா.